சிவப்பு விளக்கும் கைராசியும்

பழைய கார்களின் முகப்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு விளக்கு இருக்குமே, உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் டைனமோவிலிருந்து பெட்டரிக்கு மின்சாரம் போகவில்லை, கார் தன் கையிருப்பைத் தின்றுகொண்டு ஓடுகிறது என்று பொருள். என் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு வீடே அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்ததை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் அது நடந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசி. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகம் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. டாக்டர் பட்டம் இல்லாவிட்டாலும் தோட்டத்துக்கு அவர் 'டாக்டர் ஐயா'தான். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மலைக்குளிர் அம்மாவுக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துப் பெரிய துரை புதுக் கார் வாங்கியபோது தன் பழைய கறுப்புக் காரை நோயாளிகளை ஏற்றிப்போக என்று அப்பாவிடம் கொடுத்தார். துரைமார் தாங்கள் கழித்துவிட்டதைக் கொடுப்பதில் எப்போதும் தாராளம்தான். தோல் இருக்கை கிழிந்து உள்ளே இருந்த நார் எட்டிப் பார்க்கும். மழை பெய்தால் இடப்பக்கக் கதவுக்குக் கீழே தண்ணீர் வந்து காலை நனைக்கும். பெற்றோல், ஈரத் தோல், அப்பாவின் பையிலிருந்து கசியும் டிங்சர் மூன்றும் சேர்ந்த அதன் மணத்தை இன்றைக்கும் என்னால் நினைத்த மாத்திரத்தில் வரவழைத்துக்கொள்ள முடியும்.

அதை ஓட்டியவர் தோட்டத்து ஆள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, துரையின் காரைக் கழுவப் போன இடத்தில் ஓட்டப் பழகியவர். நல்ல உயரம், அதைவிடப் பெரிய கூச்சம். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் விடாமல் பூட்டியிருப்பார். அவருக்குக் கைராசி உண்டென்று தோட்டம் முழுக்க நம்பியது. அவர் ஓட்டிக்கொண்டுபோய்ப் பதுளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்ட பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் பிள்ளையோடு திரும்பியிருந்தார்கள், அதுதான் காரணம். நாளடைவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பச்சைப்பிள்ளையோடு கார் லயத்துக்கு வந்து நின்றால், பிள்ளையை வாசற்படிவரை தூக்கிச் செல்பவர் டிரைவர். தாய்மாமன்கூட அவருக்குப் பின்னால்தான் வருவான். படியில் நின்று பிள்ளையின் காதோரம் குனிந்து எதையோ சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் பெண்களிடம் கொடுப்பார். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பாப்பா. வீடு வந்துருச்சு, எறங்கிக்கன்னு சொல்லுவேன்" என்றார்.

அப்பாவுக்கு இந்தக் கைராசிப் பேச்சு பிடிக்காது. "மருந்து குடுக்கிறது நான், பிள்ளைப்பேறு பாக்கிறது பதுளை டாக்டர், பேர் மட்டும் டிரைவருக்கு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் புளிப்பு இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

அந்த ஐப்பசியில் மழை முந்திக்கொண்டது. குளிரில் கார் காலையில் கிளம்ப மறுத்தது. டிரைவர் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு நிற்பார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் 'ஸ்டோர்' என்போம். அதை நடத்திய டீமேக்கர் ஐயா அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி, பிறருக்கு உதவுவதில் ஓயாத மனிதர்.

"வெளிய ஏன் நனைய விடுறீங்க டாக்டர்? ஸ்டோர ஒட்டி நம்ம கொட்டகை சும்மாதானே கெடக்கு. அடுப்புச் சூட்டுக்கு எஞ்சின் கதகதன்னு இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து கார் இரவில் அங்கே தூங்கியது. கொட்டகைக்கு ஒருபுறம் தேயிலை காயவைக்கும் அடுப்பு. மறுபுறம் தேயிலை சலிக்கும் அறை. சலிக்கும்போது கிளம்பும் தூசியை ஒரு பெரிய காற்றாடி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகான தூசி அது. பொன்னிறத்தில், பஞ்சுபோல, எதன் மேலும் சத்தமில்லாமல் வந்து உட்காரும். கார் காலையில் முதல் தடவையிலேயே கிளம்பியது. எல்லோரும் டீமேக்கர் ஐயாவைப் புகழ்ந்தார்கள். அம்மா மட்டும், "இந்தக் காரிலை ஏறி இறங்கினால் சீலை முழுக்கத் தேயிலைப் பஞ்சு" என்று உதறிக்கொண்டே இருந்தார். அம்மா அப்போது தம்பியை வயிற்றில் சுமந்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சியின் சிடுசிடுப்பு என்று யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விளக்கின் விளையாட்டு சில நாட்களில் தொடங்கியது. காலையில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் எரியும். ஹாலிஎலச் சந்தியை எட்டுவதற்குள் தானாக அணைந்துவிடும். சில காலைகளில் பதுளை வரைக்கும் எரியும். சில காலைகளில், நான் நல்ல பிள்ளை என்பதுபோல, உடனே அணையும். பனிமூட்டத்தில் முன்விளக்கைப் போடாமல் எங்கள் பாதையில் ஓட்ட முடியாது. போட்டால் பெட்டரி இறங்கிவிடும்.

அப்பா அந்தக் காரை ஒரு நோயாளியாகவே பாவித்தார். டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும் என்றார். புது பெல்ட் வந்தது. பெட்டரி கிழடு என்றார். அதையும் மாற்றினார்கள். வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். நான் பின் இருக்கையிலிருந்து எட்டி, "எரியுது... இல்லை... எரியுது" என்று கத்துவது என் வேலை. கடைசியில் பதுளையில் கராஜ் வைத்திருந்தவரிடம் காரை விட்டார்கள். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவரை நாங்கள் 'பாஸ்' என்போம். டைனமோவைக் கழற்றி உள்ளே தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றினார். இரண்டு மூன்று நாள் தன்னிடமே வைத்துக் காலையும் மாலையும் ஓட்டிப் பார்த்தார்.

"டொக்டர் மாத்தயா, இங்க அந்த லைட் ஒரு தரம் சரி எரியல்ல. இல்லாத நோய்க்கு நான் என்ன ரிப்பேர் செய்யிறது?" என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பிய அதே வாரம் விளக்கு மறுபடி எரிந்தது. மீண்டும் கராஜ், மீண்டும் அங்கே ஒரு குறையும் இல்லை. அப்பா சாய்வு நாற்காலியில் கிடந்தபடி அம்மாவிடம் தன் முறையை விளக்கினார். "ஒரு நோய் ஒரு இடத்திலை வருது, இன்னொரு இடத்திலை வரேல்லை எண்டால், ரெண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாக்க வேணும்." முறை சரியானதுதான். இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் என்னால் சொல்ல முடியாது. பதுளையில் இல்லாமல் தோட்டத்தில் மட்டும் இருப்பது எது என்று கேட்டுக்கொண்டார். கொட்டகை அவர் கண்ணுக்குப் படவில்லை. அது நண்பர் செய்த உதவி. கண்ணுக்குப் பட்டவர் டிரைவர்.

டீமேக்கர் ஐயாவும் சீட்டைக் கலைத்துக்கொண்டே ஒத்து ஊதினார். "வேல முடிஞ்சப்புறம் கார்ல லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பானோ என்னவோ. கார்ல கிறுக்கு உள்ள ஆளு."

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "சாமி சத்தியமா இல்லீங்க. சாவியக் கொண்டாந்து உங்க கையிலதானங்க குடுக்கிறேன்" என்றார். அப்பா சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தார். ஆனாலும் சந்தேகம் வந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி. அவளை ஏற்றிக்கொண்டு அப்பாவும் டிரைவரும் பனிமூட்டத்துக்குள் இறங்கினார்கள். வழியில் மண் சரிந்து பாதையில் கிடந்தது. ஒதுக்கும்வரை காத்திருந்ததில் எஞ்சின் நின்றுவிட்டது. பெட்டரியில் உயிர் இல்லை. டிரைவர் ஹேண்டிலைச் சுற்றினார், ஆட்கள் தள்ளினார்கள், கார் அசையவில்லை. பிள்ளை அந்தப் பின் இருக்கையிலேயே பிறந்தது. அழவில்லை.

கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் தப்பியிருக்குமோ தெரியாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். லயத்தில் யாரிடமும் அதைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் விரைவாக நடந்தது. அப்பா துரையிடம் பேசினார். டிரைவரைக் கான் வெட்டப் போட்டார்கள், அதாவது மழைத்தண்ணீர் ஓடத் தேயிலை மலையில் வாய்க்கால் தோண்டும் வேலை. லொறியில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவர் புது டிரைவராக வந்தார். காரைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பக்கத்தில் தகரச் சாய்ப்பு ஒன்று இறக்கி, அப்பாவின் ஜன்னலுக்குக் கீழேயே நிறுத்தினார்கள்.

விளக்கு ஒழுங்காக அணையத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும், எஞ்சின் உறுமியதுமே. அப்பா ஜன்னலில் நின்று, "பாத்தீரோ?" என்று அம்மாவைக் கேட்பார். பார்க்காமல் என்ன, தோட்டமே பார்த்தது. அப்பாவுக்கு அது டிரைவரின் களவுக்குச் சாட்சி. லயத்துக்கு அது வேறு சாட்சி: அந்த ஆளுடைய கைராசி கெட்டுப்போய்விட்டது, கையை எடுத்ததும் கார் பிழைத்துக்கொண்டது. பச்சைப்பிள்ளை உள்ள வீட்டுப் பெண்கள் அவரைக் கண்டால் முந்தானையால் பிள்ளையை மூடினார்கள். ஒருநாள் காலில் வெட்டுக்காயத்தோடு அவர் எங்கள் வீட்டை ஒட்டிய மருந்தகத்துக்கு மருந்து கட்ட வந்தார். குறுக்கே கார் நின்றது. அதை உரசிப் போனால் நான்கு எட்டு வைத்தால் போதும். அவர் அம்மாவின் டேலியாச் செடிகளுக்குள் நொண்டி நொண்டிச் சுற்றிக்கொண்டு போனார். செடியை மிதிக்கிறாரே என்றுதான் எனக்கு அப்போது கோபம் வந்தது.

மார்கழிக் காற்று எங்கள் சாய்ப்பின் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போயிற்று. சரிசெய்யும்வரை கார் மறுபடியும் ஸ்டோர்க் கொட்டகைக்குப் போனது. ஒரு வாரம் ஆகவில்லை, காலையில் விளக்கு எரிந்தது. புது டிரைவர் வந்து சொன்னபோது அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி கன்னத்திலேயே நின்றது. அம்மாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பல்வலி. அன்றே இரண்டு வேலையையும் முடிக்கப் பதுளைக்குப் போனோம். வழி முழுக்க விளக்கு எரிந்தது. கராஜுக்குள் நுழைந்ததும், எஞ்சினை நிறுத்தும் முன்பே, "இப்பவே திறந்து பார், விட்டிட்டுப் போகமாட்டன்" என்றார் அப்பா. நான் கன்னத்தைப் பிடித்தபடி பின் இருக்கையில் கிடந்தேன். பாஸ் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதன் மூடியின் கொக்கி எந்தக் காலத்திலோ உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. முன்பும் அவர் அதைத் திறந்து பார்த்தவர்தான். ஆனால் அப்போதெல்லாம் கார் அவரிடம் ஒன்றிரண்டு நாள் காய்ந்து நின்ற பிறகு. இப்போது திறந்து, தீக்குச்சி ஒன்றை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். அவர் விரல் நுனியில் ஈரமாய், பழுப்பாய், சிறு பஞ்சு.

"இந்தா, இந்த ரெண்டு முனையும் தொட்டாத்தான் பெட்டரிக்குக் கரண்ட் போகும் மாத்தயா. நடுவில இது ஒக்காந்திருக்கு. காலையில ஈரத்துக்கு ஊதி நிக்கும். எஞ்சின் சூடாகினா காஞ்சு விழும். பிறகு லைட் எப்பிடி எரியும்?" முகர்ந்து பார்த்தார். "தேயிலை. மாத்தயா ராவைக்குக் கார எங்க நிப்பாட்டுறது?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டு வாசலிலைதான்" என்றார்.

பாஸ் விரலிலிருந்த பஞ்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு மூடியைப் புதுக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது என்றே நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைப் பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். "கார் ஸ்டோரிலை நிக்கிறதை அப்பா மறந்துபோனார், அம்மா. வாசலிலை எண்டு சொல்லிப்போட்டார். அந்தப் பெட்டிக்குள்ளை ஒரே தேயிலைப் பஞ்சு." அம்மா பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். ஊசிகள் நின்றன. "பல்லுக்குத்து நிண்டிட்டுதோ?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே கார் வீட்டுக்கு வந்துவிட்டது. தகரம் இல்லாத சாய்ப்பில் தார் பூசிய படங்குத் துணியை இழுத்துப் போர்த்தினார்கள். இனி ஸ்டோரில் விடவேண்டாம் என்று அப்பா சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. தைப்பொங்கல் வந்து போனது. டிரைவர் கான் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் அம்மா தேத்தண்ணியை அப்பாவின் கையில் கொடுப்பார். இப்போது மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் மாற்றம்.

அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். ஐயாவின் கணிப்பு பிழை என்று தெரிந்தால் ஐயாவின் மருந்தை யார் விழுங்குவார்கள்? அது நான் அவருக்காகக் கண்டுபிடித்த காரணம். அவராக எதையும் சொன்னதில்லை.

மாசியில் தம்பி பதுளை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தான். அவனை அழைத்துவர நானும் போனேன். தூறல். தோட்டத்துக்குள் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து வளைவில் பின்சக்கரம் களிமண்ணில் புதைந்தது. கொழுந்து நிறுக்கும் நேரம், பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். வளைவுக்கு மேலே கான் வெட்டுகிற ஆட்கள். எல்லோரும் இறங்கித் தள்ள வந்தார்கள். ஒருவர் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேட்டிலேயே நின்றார். காக்கிச் சட்டை இல்லை. சாக்கை முக்காடாகப் போட்டிருந்தார்.

"நீயும் ஒரு கை குடு அண்ணே" என்று புது டிரைவர் கத்தினார்.

"வேணாம்ப்பா. நான் தொட்டா நின்னுரும்."

கோபமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகவும் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அவரே அதை நம்பிவிட்டிருந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னைச் சுடுவது அந்தக் குரல்தான்.

அம்மா கதவைத் திறந்தார். பிள்ளை பெற்ற உடம்போடு, தம்பியை அணைத்தபடி சேற்றில் இறங்கி மேட்டருகே போனார்.

"இந்தா, பிள்ளையைப் பிடி."

"ஐயோ, வேணாங்கம்மா!" அவர் பின்னுக்கு நகர்ந்தார். "என் கை ஆகாதுங்க."

"உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை." அம்மாவின் குரல் மடுவம்வரை கேட்டது. அம்மா அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஸ்டோர்த் தூசி காருக்குள்ளை போய் அடைச்சுத்தான் அது பழுதானது. அங்கை நிப்பாட்டினபடியாலைதான் பழுதானது. உன்னாலை இல்லை."

டிரைவர் அம்மாவைப் பார்க்கவில்லை. முன் இருக்கையில் இருந்த அப்பாவைப் பார்த்தார்.

"ஐயாவுக்குத் தெரியுங்களா?"

யாரும் தள்ளவில்லை. அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார்.

"தெரியும்."

"எப்பயிருந்துங்க?"

"தைப்பொங்கலுக்கு முன்னமே தெரியும்."

டிரைவர் தலையாட்டினார். பிறகு மடுவத்து வரிசையைப் பார்த்தார். "அந்தா நிக்கிதுங்க, புள்ளயப் பறிகொடுத்தது. அது இன்னும் என் மொகத்தப் பாக்கிறதில்லீங்க. அதுகிட்டச் சொல்லுங்க" என்றார். அவர் அப்பாவிடம் ஒன்றை வேண்டிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்பா இறங்கினார். மெருகேற்றிய சப்பாத்து களிமண்ணில் புதையப் புதைய நடந்து போனார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். லயத்து ஆட்கள் முன்னால் தொப்பியைக் கழற்றாத மனிதர், அந்தப் பெண்ணின் முன்னால் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தூறல் அவருடைய வழுக்கையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கூடையை இறக்காமலே கேட்டாள். கேட்டு முடிந்ததும் அப்பாவைத் தாண்டி டிரைவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

டிரைவர் தான் வெட்டிய கானிலேயே கையைக் கழுவினார். மூன்று நான்கு தடவை கழுவினார். பிறகு தம்பியை வாங்கிக்கொண்டு எங்கள் வீடுவரை ஏற்றத்தில் நடந்தே வந்தார். அம்மாவும் நானும் பின்னால் வந்தோம். கார் வளைவிலேயே கிடந்தது. மறுவாரம் அப்பா ஆளனுப்பி மீண்டும் காரை ஓட்ட வரச் சொன்னார். "பாப்போங்க" என்று பதில் வந்தது. அவர் வரவில்லை.

அன்று எங்கள் படியில் நின்று தம்பியை அம்மாவிடம் கொடுத்தார். நான் அவர் குனிவதற்காகக் காத்திருந்தேன். அவர் குனியவில்லை.

"காதுக்குள்ளை சொல்லேல்லையே?" என்று கேட்டேன்.

"மறந்துருச்சு பாப்பா" என்றார். மண்வெட்டியை வளைவில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதை எடுக்க இறங்கிப் போனார்.